ஷிவாகோவின் கைசுத்தம்

போரிஸ் பாஸ்டர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’வைக் குறைசொன்னவர்களை இரண்டு அணியாகப் பிரிக்கலாம். 1956இல் கையெழுத்துப் பிரதியைத் திருப்பியனுப்பிய ‘நோவி மிர்’ என்ற சோவியத் இலக்கிய இதழின் ஆசிரியர் குழு முதல் அணி. சோஷலிசப் புரட்சியை மனதார ஏற்காத, தன்னைத் தவிர எதையும் பெரிதாக எண்ணாத ஒருவனை நாயகனாக்கியிருக்கிறார் என்பது அவர்கள் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம். இரண்டாவது அணிக்கு நாவலாசிரியர் நபக்கோவ் தலைவர். அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு, நம்ப முடியாத தற்செயல்களும் மேடை நாடகத்து வக்கீலும் சேர்ந்த மலிவான சரக்கு என்று அவர் சலித்துக்கொண்டார். 1957 நவம்பரில் மிலானில் இத்தாலிய மொழிபெயர்ப்பாக நாவல் வெளிவந்த நாளிலிருந்து இந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் தனித்தனியாகவே பேசப்பட்டுவருகின்றன. சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும் என்று நினைக்கிறேன். இந்த நாவலில் விதி எந்த வேலையைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்று கவனித்துவிட்டால், யூரி ஷிவாகோ மீது சுமத்தவேண்டிய உண்மையான குற்றம் எது என்பதும் தெரிந்துவிடும். அதை அவனுடைய எதிரிகளும் பார்க்கவில்லை, ரசிகர்களும் பார்க்க விரும்பவில்லை.

தற்செயல்கள் ஏராளம் என்பதில் சந்தேகமில்லை. ஓடும் ரயிலிலிருந்து குதித்துச் சாகும் யூரியின் தகப்பனுக்கு அருகில் அமர்ந்து அவரைக் குடிக்கவைத்துக்கொண்டிருந்த வக்கீல் கோமரோவ்ஸ்கிதான் பின்னாளில், யூரியின் காதலியாகப்போகும் லாராவைப் பதினாறு வயதில் கெடுப்பவன். காமெர்கெர்ஸ்கி தெருவில் பனி உறைந்த ஜன்னலுக்குப் பின்னால் எரியும் மெழுகுவர்த்தியை யூரி வண்டியில் போகிறபோக்கில் பார்க்கிறான். அந்த அறைக்குள் லாராவும் அவளை மணக்கப்போகும் பாஷா அந்திபோவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே அறையில் யூரியின் பிரேதம் கிடத்தப்பட்டிருக்கும்போது, பழைய நினைவில் அந்த அறையைப் பார்க்க வந்த லாரா உள்ளே நுழைகிறாள். சிலப்பதிகாரத்தை வாசித்துப் பழகிய நமக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. ஊழ் உருட்டுகிறது, மனிதர்கள் உருளுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவோம். ஆனால் அந்தப் பழக்கம் இந்த நாவலில் நம்மை ஏமாற்றும். இங்கே தற்செயல் யாரையும் உருட்டுவதில்லை.

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதல் உலகப் போரின் முன்னணியில், வெடித்த குண்டின் சில்லு முகத்தைக் கிழித்த ஒரு சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவன் மாஸ்கோவில் ஒரு குடியிருப்பின் காவல்காரனாக இருந்த கிமாஸெத்தின். பக்கத்துக் காட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் அதிகாரி அவனுடைய மகன் கலியூலின். தாதியாக இருப்பவள் லாரா. பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் யூரியும் அவன் நண்பன் கோர்தோனும். எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள், சிலர் அடையாளம் காணவில்லை, சிலர் பிற்பாடும் தெரிந்துகொள்ளவில்லை என்று மட்டும் கதைசொல்லி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதனால் கதையில் எதுவும் நடப்பதில்லை. இரண்டாவது இடம் 1929 ஆகஸ்டில் யூரி சாகும் இடம். பழுதாகிப் பழுதாகி நிற்கும் டிராம் வண்டிக்குள் மூச்சுத் திணறி அவன் உட்கார்ந்திருக்கிறான். வெளியே நடைபாதையில் ஊதா உடையணிந்த ஒரு கிழவி டிராமை முந்துவதும் பின்தங்குவதுமாக நடந்து போகிறாள். அவள் போர்க்காலத்தில் மெலுசேயெவோ என்ற ஊரில் அவனுக்கு அறிமுகமாயிருந்த சுவிஸ்காரி ஃப்ளூரி. நாட்டைவிட்டுப் போக அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கிறாள். அவனுக்கு அவளைத் தெரியவில்லை, அவளுக்கும் அவனைத் தெரியவில்லை. அவன் இறங்கி விழுந்து சாகிறான். அவள் கூட்டத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் வழியே போகிறாள். டேவிட் லீன் 1965இல் படமெடுத்தபோது இந்த இடத்தில் கிழவியை எடுத்துவிட்டு லாராவை நடக்கவிட்டார். யூரி அவளைத் துரத்தி ஓடி நெஞ்சு வெடித்துச் சாகிறான். திரையரங்கில் கைக்குட்டை நனைய அது உதவியிருக்கும். ஆனால் பாஸ்டர்நாக் எதை வேண்டாமென்று விட்டாரோ அதையே லீன் கொண்டுவந்து சேர்த்தார். கதையை முடுக்கிவிடத் தற்செயலைப் பயன்படுத்துகிற எழுத்தாளன் யாரும் பயனில்லாத தற்செயலை இத்தனை சிரத்தையாக எழுதமாட்டான். விதி இந்த நாவலில் ஆட்களை ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. பிறகு நடப்பதெல்லாம் அவர்களாகச் செய்வது, அல்லது செய்யாமல் விடுவது.

செய்யாமல் விடுவதற்கு நல்ல உதாரணம் ஒன்பதாம் பகுதியின் முடிவில் வருகிறது. யூரி குடும்பத்தோடு வரீகினோ என்ற ஊர்ப்புறப் பண்ணையில் இருக்கிறான். யூரியாத்தின் நகரத்து நூலகத்தில் லாராவைக் கண்டு, உறவு தொடங்கி, கருவுற்றிருக்கும் மனைவி தோன்யாவிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் மனசாட்சி தாங்காமல், இன்று தோன்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது, லாராவை இனிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துக் குதிரையில் வீட்டுக்குக் கிளம்புகிறான். பாதி வழியில் மனசு மாறுகிறது. இவ்வளவு அவசரம் எதற்கு, லாராவிடம் சரியாக விடைபெறவில்லையே, இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. தோன்றியதுமே பெரிய மகிழ்ச்சி அவனைப் பற்றிக்கொள்கிறது. விதை விதைக்கும் எந்திரமும் கதிரடிக்கும் எந்திரமும் விற்கும் ஒரு கம்பெனியின் விளம்பரப் பலகை நிற்கும் கூட்டுச்சாலையில், ஆயுதம் ஏந்திய மூன்று குதிரைக்காரர்கள் வழிமறித்து அவனைச் செம்படைக் கெரில்லாக்களுக்கு மருத்துவனாகக் கடத்திப் போகிறார்கள். ஓராண்டுக்கும் மேலாக அவன் வீடு திரும்ப முடிவதில்லை. இதைத்தான் விதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கவனிப்பது அந்தக் குதிரைக்காரர்கள் வந்த நேரத்தை. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால், மனைவியிடம் உண்மையைச் சொல்லப் போனவனைத் தடுத்தார்கள் என்றாகியிருக்கும். ஒத்திப்போட்டவனை அவர்கள் தூக்கிக்கொண்டு போனதால், உண்மையைச் சொல்லும் கடமையிலிருந்தே அவனை விடுவித்துவிட்டார்கள். கடத்தப்பட்டவனிடம் யார் கணக்குக் கேட்பது? தோன்யா தனியாகப் பிள்ளை பெற்றுக்கொண்டாள். பிரசவத்துக்கு உதவியவள் லாரா என்பது இந்த நாவலின் குரூரமான கருணைகளில் ஒன்று. அவன் சொல்லாமல் விட்டதைத் தோன்யா தானாகவே புரிந்துகொண்டு, நாடு கடத்தப்படுவதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினாள். அது மாதக்கணக்கில் சுற்றி அவன் கைக்கு வந்து சேர்கிறது.

காட்டில் நடக்கும் சண்டை இதைவிடத் துல்லியமானது. செம்படையை எதிர்க்கும் வெண்படையின் இளம் தொண்டர்கள், பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்த நல்ல குடும்பத்துப் பையன்கள், திறந்த வெளியில் வரிசையாக நிமிர்ந்து முன்னேறுகிறார்கள். ஒளிந்துகொள்வதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் வயது. மருத்துவன் சண்டையிடக் கூடாது என்பது சர்வதேச விதி. யூரியின் அனுதாபமும் அந்தப் பையன்கள் பக்கம்தான். பக்கத்தில் கிடந்த தொலைபேசி ஆள் சுடப்பட்டுச் செத்ததும், சும்மா படுத்திருக்க முடியாமல் அவனுடைய துப்பாக்கியை எடுத்துச் சுடத் தொடங்குகிறான். ஆட்களைச் சுட மனமில்லை. வெளியின் நடுவே கருகி நிற்கும் பட்ட மரத்தைக் குறிபார்த்துச் சுடுகிறான். மரத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஆள் வராத நேரமாகப் பார்த்துத்தான் சுடுகிறான். அப்படியும் இரண்டு பேர் காயம்படுகிறார்கள். மூன்றாவது ஒருவன் மரத்தடியில் விழுகிறான். சண்டை முடிந்து போய்ப் பார்த்தால், செத்த தொலைபேசி ஆளின் கழுத்திலும் விழுந்து கிடக்கும் செர்யோஷா என்ற பையனின் கழுத்திலும் ஒரே விவிலியச் சங்கீதத்தின் வரிகள். முன்னவனிடம் கையால் எழுதிய, பிழை மலிந்த கந்தல் காகிதம். பின்னவனிடம் தங்க உறைக்குள் அச்சிட்ட தாள். உறையில் பட்டுக் குண்டு விலகியதால் பையன் பிழைத்திருக்கிறான். யூரி அவனுக்குச் செத்தவனின் உடையை மாட்டி, ஒளித்துவைத்து, குணமாக்கி அனுப்புகிறான். திரும்பப் போய்ச் செம்படையோடு சண்டை போடுவேன் என்று சொல்லிவிட்டே பையன் போகிறான்.

மனிதாபிமானத்தின் உச்சம் என்று இந்தக் காட்சியைப் பாராட்டுவது வழக்கம். பாராட்டலாம்தான். ஆனால் காட்சியின் எலும்பு அதுவல்ல. சுடவும் வேண்டும், கொலைகாரனாகவும் ஆகக் கூடாது என்று ஒருவன் விரும்பினான். அந்த விருப்பத்தின் விலையை எதிரே வந்த மூன்று பையன்கள் கொடுத்தார்கள். நேராகக் குறிபார்த்துச் சுட்ட மற்ற கெரில்லாக்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்பதாவது தெரிந்திருந்தது. கைசுத்தம் என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கு யாரோ ஒருவர் எங்கோ தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் நாவலுக்குள் நுழைகிறது. இதை வைத்துக்கொண்டு பதினான்காம் பகுதிக்குப் போனால், உலகப் புகழ் பெற்ற அந்தக் காதல் பிரிவு வேறு மாதிரி தெரியும்.

யூரியும் லாராவும் அவள் மகள் காத்யாவும் பனிக்காலத்தில் கைவிடப்பட்ட வரீகினோவில் பதுங்கியிருக்கிறார்கள். கைது எந்த நேரமும் வரலாம். கோமரோவ்ஸ்கி வருகிறான், தூரக்கிழக்கில் புதிதாக அமைந்திருக்கும் ஆட்சியில் பதவி கிடைத்திருக்கிறது, தனி ரயில் தயார், மூவரையும் கூட்டிப்போகிறேன் என்கிறான். யூரி இல்லாமல் போகமாட்டேன் என்கிறாள் லாரா. கோமரோவ்ஸ்கி யூரியைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுடைய புருஷன் ஸ்த்ரேல்னிகோவை (அந்தப் பாஷா அந்திபோவ்தான்) பிடித்துச் சுட்டுவிட்டார்கள், அடுத்தது அவளும் குழந்தையும்தான், நீ வருவதாகப் பொய்யாவது சொல் என்கிறான். யூரி ஒப்புக்கொள்கிறான். குதிரையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்துவிடுகிறேன் என்று லாராவிடம் சொல்கிறான். சறுக்குவண்டி புறப்படுகிறது. வாசலில் நின்று, மேட்டின் மேல் அது மறுபடி தெரியும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தெரிகிறது, மறைகிறது. அவ்வளவுதான்.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி உடனே எழும். உயிரைக் காப்பாற்றச் சொல்லும் பொய் பொய்யாகுமா என்று வள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர்களும் இருப்பார்கள். லாரா அங்கே இருந்திருந்தால் செத்திருப்பாள் என்பதை மறுக்க முடியாது. அவளை அனுப்பியது சரிதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவனும் கூடப் போயிருக்கலாமே. ரயிலில் அவனுக்கும் இடம் இருந்தது. அவன் போகாததற்கு நாவல் தரும் காரணங்களை உதறிப் பார்த்தால் கடைசியில் எஞ்சுவது, கோமரோவ்ஸ்கியின் தயவில் உயிர் வாழ அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான். நியாயமான அருவருப்பு, அவன் தகப்பனைச் சாவுக்குத் தள்ளியவன், லாராவின் சிறுவயதைக் கெடுத்தவன். அப்படியானால் அந்த அருவருப்பு லாராவுக்கு எத்தனை மடங்கு இருந்திருக்கும்? ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் கைத்துப்பாக்கி எடுத்துப்போய்க் கோமரோவ்ஸ்கியைச் சுட்டவள் அவள். குறிதவறி வேறொருவர் மேல் உரசியது. தான் தொட மறுத்த கையில் அவளைக் கொண்டுபோய்க் கொடுத்தான் யூரி. சமரசம் செய்துகொள்ளாத மனிதன் என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது; அந்தச் சமரசத்தை அவனுக்காக அவள் செய்யவேண்டியதாயிற்று. செய்கிறோம் என்று தெரியாமலே செய்தாள் என்பதுதான் கொடுமை. தெரிந்திருந்தால் மறுத்திருப்பாள், செத்திருப்பாள் என்பது பொய்க்கு நியாயமாகச் சொல்லப்படுகிறது. மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா இல்லையா என்பதே கேள்வி. பதினாறு வயதில் கோமரோவ்ஸ்கி அவளிடமிருந்து பறித்ததும் அதைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்த்ரேல்னிகோவ் சாகவில்லை. கோமரோவ்ஸ்கி சொன்னது பொய். சறுக்குவண்டி போன சில நாட்களில், தேடப்படும் குற்றவாளியாக அலைந்து திரியும் ஸ்த்ரேல்னிகோவே வரீகினோ வீட்டுக்குள் நுழைகிறான். சற்று முன்னால் வந்திருந்தால் மனைவியையும் மகளையும் பார்த்திருப்பான். இதையும் விதி என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கோமரோவ்ஸ்கியின் பொய்யை விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டு அதன்மேல் தன் பொய்யை அடுக்கியவன் யூரி. புருஷனும் காதலனும் இரவு முழுவதும் பேசுகிறார்கள். லாரா உங்களைப் பற்றி இப்படிச் சொன்னாள் என்கிறான் யூரி. எப்போது சொன்னாள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஸ்த்ரேல்னிகோவ் விடாமல் கேட்கிறான். இந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், கம்பளத்தை உதற வெளியே போனாள். எந்தக் கம்பளம், இரண்டு இருக்குமே? பெரியது. அது அவளால் தூக்க முடியாதே, நீங்கள் உதவினீர்களா? செம்படையின் கவச ரயிலில் ஊர் ஊராகப் போய்த் தண்டனை கொடுத்தவன், ‘சுட்டுத்தள்ளுபவன்’ என்று மக்கள் பட்டப்பெயர் வைத்தவன், கம்பளத்தின் எடையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறான். காலையில் பனியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு கிடக்கிறான்.

ஸ்த்ரேல்னிகோவைச் சமரசமே தெரியாத புரட்சிக்காரன் என்றும், கோமரோவ்ஸ்கியைச் சமரசமே உருவான பிழைப்புவாதி என்றும், யூரியை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நல்ல மனிதன் என்றும் பிரித்துக் காட்டும் விமர்சனங்கள் நிறைய உண்டு. எனக்கு அந்தப் பங்கீட்டில் உடன்பாடில்லை. திருமண இரவில் லாரா தன் கடந்தகாலத்தை ஒளிக்காமல் பாஷாவிடம் சொல்கிறாள். விடியும்போது அவன் வேறு மனிதனாகிவிடுகிறான். அவளுக்கு உலகம் செய்த அநீதியைத் தீர்க்கவேண்டும், அதற்கு முதலில் தான் அவளுக்குத் தகுதியானவனாக வேண்டும் என்று யுத்தத்துக்கும் பிறகு புரட்சிக்கும் போகிறான். யூரியாத்தினுக்கு அருகில் ரயிலில் வந்து நின்றபோதுகூட மனைவியைப் போய்ப் பார்ப்பதில்லை. வேலை முடியட்டும், பிறகு வீடு. அவளுக்கு வேண்டியது என்ன என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. யூரியும் கேட்கவில்லை. இருவரும் அவளை நேசித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு எது நல்லது என்று அவளுக்குப் பதிலாக முடிவெடுக்க அந்த நேசமே அனுமதிச் சீட்டாயிற்று. கெரில்லா முகாமில் பாம்ஃபில் பாலிக் என்றொருவன் வருகிறான். வெண்படையினர் கையில் சிக்கினால் பெண்டாட்டி பிள்ளைகளை என்ன பாடு படுத்துவார்கள் என்ற பயத்தில் மனம் பேதலித்து, அவர்கள் மீது உயிரையே வைத்திருந்தவன், தன் கோடரியால் அவர்களை வெட்டிக் கொன்றுவிடுகிறான். எல்லோரும் அவனைப் பைத்தியம் என்று ஒதுங்கிப் போகிறார்கள். பாஸ்டர்நாக் இவனை வீணாகக் கொண்டுவரவில்லை. வேண்டியவர்களைக் காப்பாற்ற அவர்களைக் கேட்காமலே முடிவெடுக்கும் அன்பு எங்கே போய் முடியும் என்பதன் கடைக்கோடி பாம்ஃபில். வரீகினோ வாசலில் நிற்கும் நாகரிகமான மருத்துவனும் அந்தப் பாதையில்தான் நிற்கிறான், வெகு தொலைவில் என்றாலும்.

இங்கே முதல் அணியின் ஆட்சேபணைக்கு வரவேண்டும். நாடே பற்றியெரியும்போது ஒருவன் தன் காதலியிடம் பொய் சொன்னானா என்பதா பெரிய விஷயம்? 1959இல் மார்க்சிய வரலாற்றாசிரியர் ஐசக் டாய்ச்சர் எழுதிய விமர்சனம் இந்தக் கேள்வியை நாகரிகமாகவும் அறிவோடும் கேட்டது. புரட்சியை எழுத வந்தவர் அதைச் செய்தவர்களின் நம்பிக்கையை எழுதவில்லை என்பதில் டாய்ச்சரோடு நான் சண்டை போடமாட்டேன். ரயில்வே வேலைநிறுத்தத் தொழிலாளர்கள் முதல் பகுதிகளில் உயிரோடு வருகிறார்கள். பிறகு வெறும் தீர்ப்புச் சொல்லும் முகங்களாகிவிடுகிறார்கள். ஆனால் தனிமனித அறம் ஒருபுறம், வரலாறு ஒருபுறம் என்று பிரித்துக்கொண்டு நாவலைப் படிப்பதுதான் தவறு. புதிய ஆட்சியின் முதல் ஆணைகள் வெளிவந்த இரவில், பனிப்புயலில் ஒரு செய்தித்தாள் சிறப்புப் பதிப்பை வாங்கி யாரோ ஒருவர் வீட்டு வாசல் வெளிச்சத்தில் நின்று படிக்கும் யூரி பரவசமடைகிறான். எத்தனை அற்புதமான அறுவை, அழுகிய பழைய புண்களை ஒரே வெட்டில் எடுத்துவிட்டார்களே என்று மாமனாரிடம் வியக்கிறான். மருத்துவனுக்கு உரிய உவமைதான். மேசைமேல் படுத்திருப்பவரிடம் யார் சம்மதம் வாங்கினார்கள் என்று அந்த மருத்துவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு கெரில்லாத் தலைவன் லிபேரியஸ் இரவெல்லாம் மனித குலத்தைத் திருத்தியமைப்பது பற்றிப் பிரசங்கம் செய்யும்போது யூரிக்குக் குமட்டுகிறது. வாழ்க்கை யாரும் கையிலெடுத்துப் பிசையும் பொருளல்ல என்று மறுக்கிறான். அப்படி மறுத்தவன்தான் வரீகினோவில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பிசைகிறான். உனக்காகத்தான் என்று சொல்லிப் பிறர் வாழ்வை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பது புரட்சியைப் பற்றிய கேள்வி, காதலைப் பற்றியும் அதே கேள்வி. புரட்சியிடம் அதைக் கறாராகக் கேட்கும் நாவல் தன் நாயகனிடம் சலுகை காட்டியிருந்தால் நோவி மிர் ஆசிரியர்கள் சொன்னதில் பாதி உண்மையாகியிருக்கும்.

சலுகை காட்டவில்லை என்பதற்கு நாவலிலேயே சாட்சியங்கள் இருக்கின்றன. லாரா போன பிறகு யூரி தனியே குடித்துக்கொண்டு அவளைப் பற்றி எழுதுகிறான். அடித்து அடித்துத் திருத்தும்போது கவிதைகளில் வரும் லாரா, காத்யாவின் அம்மாவாகிய நிஜ லாராவிலிருந்து விலகி விலகிப் போகிறாள் என்று கதைசொல்லி குறித்துச்செல்கிறார். நாவலின் பின்னிணைப்பாக வரும் இருபத்தைந்து கவிதைகளைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிறகு மாஸ்கோ திரும்பி, மருத்துவத்தையும் எழுத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, வேறொரு பழைய காவல்காரரின் மகள் மரீனாவோடு குடும்பம் நடத்தி இரண்டு பெண் குழந்தைகள் பெற்று, அவர்களிடமிருந்தும் ஒருநாள் சொல்லாமல் மறைந்துபோகிறான். நண்பன் தூதொரோவ் நாடுகடத்தப்பட்ட இடத்தில் தன்னை நல்வழிப்படுத்தினார்கள் என்று நன்றியோடு பேசும்போது, யூரி மருத்துவ மொழியில் ஒரு பதில் சொல்கிறான்: இப்போது இதய நோய் பெருகிவிட்டது, மனதில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக நாள்தோறும் வாழ்வது உடம்பைத் தாக்காமல் போகாது. ஆட்சியைப் பற்றிய விமர்சனமாகத்தான் இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சொல்பவனுக்கே இதயம் கெட்டிருக்கிறது, கொஞ்ச நாளில் டிராமில் சாகப்போகிறான். அவன் சொன்ன பொய்களில் ஆட்சி சொல்லவைத்தவை எத்தனை, தானாகச் சொன்னவை எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெரிய சாட்சி பின்னுரையில் வருகிறாள். 1943, போர்முனை. துணி வெளுக்கும் தான்யா என்ற பெண் தன் கதையைக் கோர்தோனிடமும் தூதொரோவிடமும் கொச்சைப் பேச்சில் சொல்கிறாள். அவளுடைய அம்மா ஒரு மந்திரியோடு வாழ்ந்தாளாம். அந்த ஆளுக்குக் குழந்தைகளைப் பிடிக்காதாம். அவளை ரயில்பாதைக் கொடிக்காரி ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போனார்களாம். அங்கே நுழைந்த கொள்ளைக்காரன் ஒருவன் அந்த வீட்டுச் சிறுவனை நிலவறையில் கொன்றதையும், தான் ஓடி ரயிலை நிறுத்தியதையும் சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் இருவருக்கும் மெல்லப் புரிகிறது: மந்திரி கோமரோவ்ஸ்கி, அம்மா லாரா, அப்பா யூரி. வரீகினோவிலிருந்து போன சறுக்குவண்டியில் லாராவோடும் காத்யாவோடும் பிறக்காத இன்னொருத்தியும் இருந்தாள். இந்தத் தான்யாவை எழுதவேண்டிய கட்டாயம் பாஸ்டர்நாக்குக்கு இல்லை. லாரா ஏதோ ஒரு வடக்கத்திய முகாமில் பெயரில்லாத எண்ணாக மறைந்தாள் என்ற ஒரு வாக்கியத்தோடு கதையை உருக்கமாக முடித்திருக்கலாம். அதற்குப் பிறகும் பக்கங்களை எடுத்துக்கொண்டு, எழுத்துவாசனை குறைந்த, அழகாகப் பேசத் தெரியாத, கவிதை எதுவும் தன்னைப் பற்றி எழுதப்படாத ஒரு பெண்ணைப் பேசவைத்தார். யூரியின் வாரிசு யார் என்றால் கவிதைகள் என்போம் நாம். நாவல் முதலில் காட்டுவது இவளை. யூரி குற்றவாளி என்பதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பில்லை மட்டும் ஆசிரியர் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார்.

நாவலை ஆசிரியரின் வாழ்க்கையை வைத்து விளக்கும் வழக்கம் எனக்கு உவப்பானதல்ல. லாராவின் சாயல் பாஸ்டர்நாக்கின் காதலி ஓல்கா இவின்ஸ்கயாவிடமிருந்து வந்தது என்ற செய்தியால் ஒரு பக்கம்கூடக் கூடுதலாகப் புரிந்துவிடுவதில்லை. ஆனால் எழுதி முடித்த பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. 1949இல் ஒருமுறை கைதாகி, ஸ்டாலின் இறந்த 1953இல் திரும்பிவந்தவர் இவின்ஸ்கயா. நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட 1958 அக்டோபரில் எழுத்தாளர் சங்கம் பாஸ்டர்நாக்கை நீக்கியது. சில நாட்களுக்குள் அவர் பரிசை மறுத்துத் தந்தி கொடுத்தார். நாட்டைவிட்டு வெளியேற்றவேண்டாம் என்று குருஷ்சேவுக்குக் கடிதத்தில் கையெழுத்திட்டார். அதை எழுதுவதில் இவின்ஸ்கயாவுக்கும் பங்கு இருந்தது. பாஸ்டர்நாக்கைக் கோழை என்று சொல்ல, அந்த நிலையில் நின்று பார்க்காத எவருக்கும் உரிமையில்லை. 1960 மே 30 அன்று பெரெதெல்கினோவில் தன் வீட்டில், தன் படுக்கையில் இறந்தார். அவரை யாரும் கைதுசெய்யவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், நாவலுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உரிமத்தொகையைச் சட்டவிரோதமாகப் பெற்றதாகச் சொல்லி இவின்ஸ்கயாவைப் பிடித்தார்கள். அடுத்து அவருடைய மகளையும். தாய்க்கு எட்டு ஆண்டுகள், மகளுக்கு மூன்று ஆண்டுகள் தண்டனை. மகள் 1962இலும் தாய் 1964இலும் விடுதலையானார்கள்.